‘பரவாயில்லை’ என்ற சொல்லும் 40 சதவீதமும்

“பதினஞ்சு வருஷமா ஒரே டாக்டர்கிட்டதான் காட்டுறோம். ஃபைலே ரெண்டு கிலோ இருக்கும். இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?”

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலையும் குடும்பங்களிடம் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ரெண்டு கிலோ ஃபைலைத் திறந்து பக்கம் பக்கமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். நோயின் பெயர் இருக்கும், மாத்திரை இருக்கும், எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அந்த நோயோடு அந்த மனிதர் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறார் என்பது மட்டும் இருக்காது. சான்றிதழ் கொடுப்பவர்கள் முக்கியமாகத் தேடுவதோ அதைத்தான்.

நான் மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் பெரியப்பா மகனுக்கு மனச்சிதைவு நோய். அவருக்கு வயது 44, எனக்கு அண்ணன் முறை. அவருக்காகச் சட்டம், விதிகள், அரசிதழ் அறிவிக்கைகள் என்று தேடித் தேடிப் படித்து எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. பெரும்பகுதி மனநோயைப் பற்றியது என்றாலும், மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் முறை மற்ற குறைபாடுகளுக்கும் பொருந்தும்.

மூன்று பேர், மூன்று கேள்விகள்

நாம் எல்லோரையும் ‘டாக்டர்’, ‘ஆபீஸ்’ என்று இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேரும் கேட்கிற கேள்வி வேறு வேறு.

முதலாமவர், வழக்கமாகச் சிகிச்சை தரும் மருத்துவர். அவருடைய கேள்வி: என்ன நோய், எந்த மருந்து கேட்கிறது?

இரண்டாவது, மருத்துவக் குழு. பேச்சில் ‘மெடிக்கல் போர்டு’ என்போம். அவர்களுடைய கேள்வி: இந்த நோயால் எவ்வளவு பாதிப்பு? இதற்கு விடை ஒரு சதவீதமாக வரவேண்டும்.

மூன்றாவது, பணமோ சலுகையோ தரும் துறை. அதன் கேள்வி: இந்தத் திட்டத்தின் நிபந்தனைக்குள் இவர் வருகிறாரா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, புதியதில் 21. பெரும்பாலான உரிமைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் அதற்கு மேல்தான். ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் ஒரே வாசல்படி கிடையாது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்கவேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாய். அரசு ஊழியரின் பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியத்தில் கேள்வியே வேறு: இவரால் சம்பாதித்துப் பிழைக்க முடியுமா, முடியாதா?

எங்கள் வீட்டில் அந்தக் கடைசிக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. பெரியப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், 78 வயது. பெரியம்மாவுக்கு 73. அந்த ஓய்வூதியத்தில்தான் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் போன பிறகு அண்ணனுக்கு என்ன வழி? சான்றிதழ் என்பது எங்களுக்கு பஸ் பாஸ் விஷயமாக இருக்கவில்லை.

நோய்க்கு மார்க் கிடையாது, பாதிப்புக்குத்தான்

குறைபாட்டை எப்படி அளப்பது என்று மத்திய அரசு 2018 ஜனவரி 4ஆம் தேதி ஒரு நீண்ட அறிவிக்கை வெளியிட்டது. 2024இல் அதைத் திருத்தினார்கள். அதில் நரம்பியல் பகுதியில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கும்: அளக்கவேண்டியது நோயை இல்லை, நோய் விட்டுச்சென்ற விளைவை. ஒரே பக்கவாதம் ஒருவரைப் படுக்கையில் போடும், இன்னொருவர் ஆறு மாதத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவார். நோயின் பெயர் ஒன்றுதான், சதவீதம் ஒன்றாக வராது.

காதை எடுத்துக்கொள்வோம். இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதித்து, நன்றாகக் கேட்கும் காதின் இழப்பை 5ஆல் பெருக்கி, மற்றக் காதின் இழப்பைக் கூட்டி, 6ஆல் வகுப்பார்கள். ஒரு காது முழுசாகக் கேட்காது, இன்னொன்று நன்றாகக் கேட்கும் என்றால் 0 கூட்டல் 100, வகுத்தல் 6. 17 சதவீதம்கூட வராது. ‘ஒரு காது சுத்தமா போச்சு, 50 சதவீதமாவது வராதா?’ என்று நினைப்போம். கணக்கு அப்படிப் போவதில்லை.

ஒரு கண் முழுசாகத் தெரியாது, மற்றக் கண்ணில் பார்வை நன்றாக இருக்கிறது என்றால் 30 சதவீதம். இதுவும் 40க்குக் கீழேதான். ஆனால் இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால்? அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்டவேண்டும். 30க்கும் 16.7க்கும் போட்டுப் பார்த்தால் 41 வரும். தனித்தனியாகப் போனால் இரண்டு இடத்திலும் ‘இல்லை’, சேர்த்துப் போனால் வாசல்படியைத் தாண்டுகிறார்.

அதனால்தான் கண் டாக்டரிடம் காதைப் பற்றியும் வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்கிறேன். ஒரு டாக்டரின் சீட்டு இன்னொரு டாக்டருக்குத் தானாகப் போய்ச்சேராது. எல்லாவற்றையும் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான், அல்லது அவர்கூடப் போகிறவர்.

ஸ்கேனில் தெரியாத குறைபாடு

காதுக்கு ஆடியோகிராம் இருக்கிறது, எலும்புக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மனச்சிதைவுக்கு எதை எடுத்துக் காட்டுவது? இங்கே பயன்படும் அளவுகோலின் பெயர் ‘ஐடியாஸ்’. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் முயற்சியில் 2002 வாக்கில் உருவானது. நான்கு தலைப்புகள்: தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. பாதிப்பு இல்லை என்றால் 0, மிகக் கடுமை என்றால் 4. இதோடு நோயின் கால அளவுக்கு 1 முதல் 4 வரை கூட்டுவார்கள். மொத்தம் 20. 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொடும். 6 வந்தால் தொடாது.

இப்போது அண்ணனை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன்.

குழுவின் முன் போகிற நாளில் பெரியம்மா அவரைக் குளிப்பாட்டி, ஷேவ் பண்ணவைத்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அனுப்புவார். பார்க்கிறவருக்குச் சுத்தமான ஆள்: 0. கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்வார்: பேச்சுக்கு 0. சொந்தக்காரர் ஒருவர் கூட வந்திருக்கிறார், அதனால் பழக்கவழக்கத்துக்கு 1. ‘வேலைக்குப் போயிருக்கீங்களா?’ ‘போயிருக்கேன் சார்.’ அதற்கு 1. நீண்டகால நோய் என்பதற்கு 4. மொத்தம் 6.

இனி வீட்டில் நடப்பது. குளிக்க மூன்று தடவை சொல்லவேண்டும், வாரத்தில் நாலு நாள் அப்படியும் நடக்காது: 2. வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுவார், ஆறு வருடமாக எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை: 2. இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நினைவிருக்கும்: 1. வேலைக்குப் போயிருக்கிறார், உண்மைதான். பத்து வருடத்தில் ஐந்து இடம், அதிகபட்சம் 40 நாள்: 3. கால அளவுக்கு அதே 4. மொத்தம் 12.

ஆள் ஒருவர்தான், நோயும் ஒன்றுதான். 6க்கும் 12க்கும் நடுவே இருப்பது, மருத்துவர் காதில் விழுந்ததும் விழாததும் மட்டுமே. மார்க் போடுவது மருத்துவரின் வேலை, அதில் நாம் தலையிட முடியாது. அவர் மார்க் போடத் தேவையான தகவல் அவர் மேசைக்குப் போய்ச்சேர்ந்ததா என்பது நம் வேலை.

‘பரவாயில்லை சார்’

நம்மூரில் டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் வாயில் முதலில் வருவது “பரவாயில்லை சார்”. அது ஒரு மரியாதைச் சொல். அவர் கொடுத்த மருந்தைக் குறைசொன்ன மாதிரி ஆகிவிடக்கூடாதே என்ற கூச்சமும் அதில் கொஞ்சம் உண்டு. ஆனால் கேஸ் ஷீட்டில் அது ‘நிலையாக உள்ளார், அதே மருந்து தொடரவும்’ என்று ஏறும். மாதாமாதம் இப்படிப் பத்து வருடம் ஏறினால் 120 தடவை ‘நிலையாக உள்ளார்’. பிறகு ஒருநாள் குழுவுக்கு முன்னால் போய் ‘ஒண்ணுமே முடியல’ என்றால், அவர்கள் நம்புவது காகிதத்தைத்தான்.

டாக்டர் எழுதியதும் பொய் கிடையாது. அவர் கணக்கில் நிலையாக இருப்பது வெற்றி. காதில் குரல் கேட்பது நின்றது, சந்தேகம் குறைந்தது, மூன்று வருடமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. மனச்சிதைவில் மருந்துக்குச் சீக்கிரம் கட்டுப்படுவது இந்த வகை அறிகுறிகள்தான். ஆர்வம் வற்றிப்போவது, தானாக எதையும் தொடங்கமுடியாமல் இருப்பது, ஆட்களை விட்டு ஒதுங்குவது போன்றவை மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. வேலையைப் பறிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆக, சிகிச்சை வெற்றி, குறைபாடு நீடிக்கிறது என்ற இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. சர்வர் ‘ஓடுகிறது’ என்று பச்சை விளக்கு காட்டும். பயன்படுத்துகிறவருக்கோ ஒரு பக்கம் திறக்க நாற்பது நொடி ஆகும். விளக்கு பொய் சொல்லவில்லை, அது அளப்பது வேறு.

ஒரு பக்கக் காகிதம்

அரசு ஆஸ்பத்திரி ஓபியில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். வெளியே எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது பத்து வருடக் கதையைச் சொல்ல முடியாது. அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. நாங்கள் எழுதிய முறை இது.

முதலில் இரண்டு மாதம் பெரியம்மா ஒரு பழைய டைரியில் தினமும் ஒரு வரி எழுதினார். ‘இன்று குளிக்கவில்லை.’ ‘கடைக்கு அனுப்பினேன், பாதி வழியில் திரும்பிவிட்டான்.’ ‘இன்று நன்றாக இருந்தான், தானே காப்பி போட்டான்.’ நல்ல நாளையும் எழுதச் சொன்னேன். அது இல்லாவிட்டால் கெட்ட நாள் எத்தனைக்கு எத்தனை என்று சொல்ல முடியாது.

பிறகு அதை நான்கு தலைப்பில் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதினோம். பெரிய சொற்கள் எதுவும் போடவில்லை. ‘வேலை செய்ய இயலாதவர்’ என்று எழுதினால் அது நம் முடிவு. ‘மளிகைக் கடையில் 40 நாள், அச்சகத்தில் 12 நாள், வாடிக்கையாளர் பேசினால் பயந்து பின்பக்கம் போய்விட்டதால் நிறுத்திவிட்டார்கள்’ என்று எழுதினால் அது தகவல். முடிவை மருத்துவர் எடுத்துக்கொள்வார். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், யார் துணையோடு, எந்த ஆண்டிலிருந்து என்ற நான்கையும் ஒவ்வொரு வரியிலும் கொண்டுவரப் பார்த்தோம்.

ஒரு சங்கடமும் இருந்தது. ஒரு மனிதனால் என்னவெல்லாம் முடியாது என்று பட்டியல் போட்டு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடுத்தவரிடம் நீட்டுவது எளிதான காரியம் இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் கொடுக்கவும் மனம் வரவில்லை. காகிதத்தை அவரிடமே கொடுத்தேன். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அப்புறம், “பால் கணக்கு நான்தான்டா எழுதுறேன். அதையும் போடு” என்றார். உண்மைதான், ஒரு மாதம்கூடத் தப்பியதில்லை. அதையும் சேர்த்தோம். அந்த வரியால் மார்க் குறையுமே என்று பெரியம்மா கவலைப்பட்டார். எனக்கென்னவோ அந்த ஒரு வரிதான் மற்ற வரிகளை நம்பவைத்திருக்கும் என்று தோன்றுகிறது.

டாக்டரிடம் என்ன கேட்பது?

‘சர்டிபிகேட்டுக்கு ஒரு லெட்டர் கொடுங்க சார்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், ‘இவர் இன்ன தேதியிலிருந்து என்னிடம் சிகிச்சை பெறுகிறார்’ என்று இரண்டு வரி கிடைக்கும். அவரைக் குறைசொல்ல முடியாது, நாம் கேட்டது அவ்வளவுதான். நோய் எப்போது தொடங்கியது, இதுவரை என்ன சிகிச்சை, மருந்து ஒழுங்காக எடுத்தும் மிச்சம் இருக்கும் பாதிப்பு என்ன, அது அன்றாட வாழ்க்கையையும் வேலையையும் எப்படித் தடுக்கிறது, இனி மாற வாய்ப்பு உண்டா? இந்த ஐந்துக்கும் சுருக்கமாகப் பதில் எழுதித் தரமுடியுமா என்று கேளுங்கள். அவர் பார்க்காததை அவர் எழுதமாட்டார், எழுதவும் கூடாது. ‘குடும்பத்தினர் கூறியபடி’ என்று போட்டு நம் ஒரு பக்கத்தை அவர் ஃபைலில் சேர்த்தாலே பெரிய விஷயம்.

எங்களுக்கு வாய்த்த டாக்டர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, “இத்தனை வருஷமா இதை ஏம்மா சொல்லல?” என்று பெரியம்மாவைக் கேட்டார். அடுத்த தடவை “எப்படி இருக்கான்?” என்பதோடு “குளிச்சானா, வெளியே போனானா?” என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த வகையில் காகிதம் சிகிச்சைக்கும் உதவியது.

பழைய காகிதங்களைத் திரட்டுவதையும் தள்ளிப்போடவேண்டாம். உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள்தான் கட்டாயம் வைத்திருக்கவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தரவேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மனநோயாளிக்குத் தன் பதிவேடுகளைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தனியாகவும் தருகிறது. பின்னாளில் ‘இந்தக் குறை எப்போதிலிருந்து?’ என்று கேட்பார்கள். அப்போது 2009ஆம் ஆண்டின் டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று பத்து வாக்குமூலங்களுக்குச் சமம்.

கூட்டிச் சொல்லவேண்டாம்

‘கொஞ்சம் அதிகமா எழுதிக் கொடுங்க சார்’ என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் 91ஆம் பிரிவு, மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பொய்ச் சான்று கொடுக்கும் மருத்துவரின் பதிவுக்கே ஆபத்து. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தில் மிகைப்படுத்தியது தெரிந்தால் உண்மையாகச் சொன்ன எல்லாமும் சந்தேகத்துக்குள் போய்விடும். குழுவுக்குப் போகும் நாளில் வேண்டுமென்றே அழுக்குச் சட்டையோடு போகத் தேவையில்லை. இஸ்திரிச் சட்டையோடு போங்கள். ‘இந்தச் சட்டையை மாட்டிவிட்டது நான்’ என்று அம்மா சொல்லட்டும், அது போதும்.

கிடைக்காவிட்டால், கிடைத்த பிறகு

விண்ணப்பம் யுடிஐடி தளத்தின் வழியாகப் போகிறது. குறைபாடு இல்லை என்று குழு முடிவு செய்தால் அதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்கிறது சட்டத்தின் 58ஆம் பிரிவு. வாய்மொழியாக ‘வராதும்மா’ என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யமுடியும். மேல்முறையீட்டுக்குப் போகும்போது கோபத்தைவிட ‘நான்கு தலைப்பில் எது பதிவாகவில்லை’ என்ற கேள்வியோடு போவது பலன் தரும். சான்றிதழ் கிடைத்தால், அது நாடு முழுவதும் செல்லும். நிலை மாற வாய்ப்புள்ளவர்களுக்குக் காலவரையறை போட்டுத் தருவார்கள். காலாவதி ஆவதற்கு முன்பே அடுத்த மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யவேண்டும். டைரியை நிறுத்தாதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

அண்ணனுக்கு 40 சதவீதத்துக்கு மேல் போட்டு, ஐந்து ஆண்டுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கான வேலை தனி, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ‘சம்பாதித்துப் பிழைக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு வேறு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். சதவீதச் சான்றிதழ் அதற்குப் பதில் ஆகாது. ஆனால் இந்தத் தடவை ஃபைலில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, சான்றிதழ் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை என்றாலும், இன்று ஒரு காரியம் செய்யலாம். ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு, ஒரு வரி எழுதுங்கள். அடுத்த தடவை டாக்டர் “எப்படி இருக்கார்?” என்று கேட்கும்போது அந்த நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.